மோதலா, தாக்கமா, விளைவா? ‘இம்பேக்ட்’ குறித்த வாசகர் கேள்விகள்

மொழிப் பக்கத்துக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பல, ‘இம்பேக்ட்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றியே அமைந்திருந்தன. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சிலரும், ஆங்கிலத்திலேயே பிழையின்றி எப்படி ஆள்வது என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அச்சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ‘இம்பேக்ட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் மோதல், தாக்குதல், தாக்கம், பாதிப்பு, விளைவு, செல்வாக்கு என்று ஆறு பொருள்கள் தரப்பட்டுள்ளன. இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்வதையும் ஒரு நூல் மனத்தை மாற்றுவதையும் ஒரே சொல் எப்படிக் குறிக்க முடியும்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: ஆறும் தனித்தனிப் பொருள்களைப் போலத் தோன்றினாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான். லத்தீன் மொழியில் ‘பாங்கெரெ’ என்றால் நட்டு நிறுத்துதல், இறுக்கிப் பொருத்துதல் என்று பொருள். அதன் முன்னே ‘உள்ளே’ என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து ‘இம்பிங்கெரெ’ ஆயிற்று. ஒன்றை இன்னொன்றின் மீதோ உள்ளோ வலிந்து செலுத்துவது என்பது அதன் கருத்து. அதன் எச்ச வடிவமான ‘இம்பாக்டுஸ்’ என்பதிலிருந்தே நம் சொல் பிறந்தது. அடர்த்தியானது, நெருக்கமாக அடைக்கப்பட்டது என்று பொருள்படும் ‘காம்பேக்ட்’ என்ற சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்தால், அடிப்படைப் பொருள் எளிதில் பிடிபடும்.

ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டளவில் வினையாகவே முதலில் நுழைந்தது. அப்போது அதன் பொருள் ‘இறுக்கி அழுத்துதல்’ என்பது மட்டுமே. ஒரு பொருள் இன்னொன்றின் மீது மோதுவதைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக அது எழுத்தில் தென்படுவது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். மனத்தின் மீது புறத்திலிருந்து வந்து விழும் அழுத்தத்தை ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இச்சொல்லால் குறித்தது 1817-இல். இறுக்கம், அதன்பின் மோதல், அதன்பின் மனத்தில் விழும் அடி என்ற வரிசையில் பொருள் விரிந்திருக்கிறது. பொருள் எவ்வளவு விரிந்தாலும் அடியிலே ஓர் உடல்சார்ந்த அடி இருந்துகொண்டே இருப்பதால்தான், மெல்லக் கசிந்து பரவும் மாற்றத்தைவிட, சட்டென்று வந்து பதியும் மாற்றத்துக்கே இச்சொல் நன்றாகப் பொருந்துகிறது. நூல் மனத்தை மாற்றியதை இச்சொல்லால் குறிக்கும்போது, அந்த நூல் வாசகரை முட்டி நிறுத்தியது என்ற படிமம் அதற்குள் இருக்கிறது.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன். ‘இம்பேக்ட்’ வரும் இடத்திலெல்லாம் ‘தாக்கம்’ என்று எழுதிவிடுவது பழக்கமாகிவிட்டது. அது சரியானதா, சோம்பலா?

பதில்: ‘தாக்கம்’ நல்ல சொல். அதன் வேர் மிகப் பழையது. குறுந்தொகையின் 28-ஆம் பாடலில், தன் துயரை அறியாமல் உறங்கும் ஊரை எண்ணி ஒரு தலைவி ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று கேட்கிறாள். மோதுவதற்குத் தமிழில் உள்ள இரண்டு சொற்கள் அந்த ஒரே அடியில் அருகருகே நிற்கின்றன. திருக்குறளின் 486-ஆம் குறள், காலம் பார்த்து அடங்கியிருப்பவனைச் சண்டையிடும் ஆட்டுக்கடாவுக்கு ஒப்பிட்டு, ‘பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்கிறது. கடா பின்வாங்குவது விசையைக் கூட்டிக்கொண்டு வந்து மோதுவதற்காகத்தான். ‘இம்பேக்ட்’ என்ற சொல்லில் உள்ள வேகமும் எடையும் ஒருங்கே அந்தக் குறளில் இருக்கின்றன. தலைவி திருப்பிப் பார்த்த பார்வையைத் ‘தாக்கணங்கு’ (தாக்கி வருத்தும் பெண்தெய்வம்) படையோடு வந்தது போன்றது என்னும் 1082-ஆம் குறளில், உடலைத் தொடாமலே நிகழும் அடிக்கும் அதே வேர் பயன்படுகிறது. ஆங்கிலச் சொல் 1817-இல் அடைந்த அகப்பொருளை நம் சொல் வெகு முன்பே எட்டிவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் சொல் நல்லது என்பதற்காக எல்லா இடத்திலும் அதையே இட முடியாது. ஒரு சான்றைக் காட்டுகிறேன். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, ‘டார்ட்’ என்ற நாசா விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபாஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. அந்தச் சிறுகோள், டிடிமாஸ் என்ற பெரிய சிறுகோளை ஒரு முறை சுற்றிவர முன்பு 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் 11 மணி 23 நிமிடமாயிற்று. விண்கலம் சிறுகோளில் முட்டிய கணத்தையும் ஆங்கிலத்தில் ‘இம்பேக்ட்’ என்பார்கள்; சுற்றுக்காலம் 32 நிமிடம் குறைந்ததையும் அச்சொல்லாலேயே குறிக்க முடியும். இரண்டுக்கும் தமிழில் ‘தாக்கம்’ என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது. முதலாவது மோதல், இரண்டாவது அம்மோதலின் விளைவு. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடி வைத்திருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பிரித்துக் காட்டும் வாய்ப்பைத் தமிழ் நமக்குத் தருகிறது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கைவிடலாகாது.

‘பாதிப்பு’ என்பது இன்னொரு சிக்கல். அது ‘பாதகம்’ போலத் துன்பத்தைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. தீங்கு அதன் உள்ளேயே இருக்கிறது. ஒரு திட்டத்தின் நன்மை தீமை இரண்டையும் முன்கூட்டியே ஆராயும் ஆவணத்தைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், அரசின் பெரிய திட்டங்களுக்கு அத்தகைய ஆவணத்தைக் கட்டாயமாக்கி, ‘இம்பேக்ட்’ என்ற சொல்லையும் நிர்வாக மொழியில் நிலைநிறுத்தியது. தமிழில் இதைச் ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்று எழுதுவதே சரி. ‘பாதிப்பு மதிப்பீடு’ என்று எழுதினால், விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். அதே காரணத்தால் ‘நல்ல பாதிப்பு’ என்ற தொடரும் காதில் இடறுகிறது. எழுத்தாளர் ஒருவரிடம் மற்றொருவரின் சாயல் தெரிவதைத் திறனாய்வாளர்கள் பாதிப்பு என்று சொல்லும் வழக்கு உண்டு; அது துறைக்குள் வேரூன்றிவிட்ட தனிப் பொருள், அதை மற்ற இடங்களுக்கு இழுத்து வர வேண்டியதில்லை.

என்னை உண்மையிலேயே வருந்தச் செய்வது ‘தாக்கத்தை ஏற்படுத்தியது’ என்ற தொடர். வினைச்சொல் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயரும் ஓர் ‘ஏற்படுத்து’ம் வந்து அமர்ந்துகொள்கின்றன. ‘புதிய வரி சிறு தொழில்களில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது’ என்ற வாக்கியத்தைப் படித்து முடித்த பிறகும், தொழில்கள் வளர்ந்தனவா, நலிந்தனவா என்று நமக்குத் தெரியாது. என்ன நடந்தது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் அதையே சொல்லலாம்: வரி சிறு தொழில்களை முடக்கியது, அல்லது அவற்றின் செலவைக் கூட்டியது, அல்லது சிலவற்றை மூடச் செய்தது. உங்கள் மொழிபெயர்ப்பில் ‘தாக்கம்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, ‘இங்கே என்ன ஆயிற்று?’ என்று கேட்டுப் பாருங்கள். மூலத்திலேயே விடை இல்லாவிட்டால் ‘தாக்கம்’ இருக்கட்டும். மூலம் மழுப்பியதை மொழிபெயர்ப்பாளர் தாமாகத் தெளிவாக்கிவிடக் கூடாது. விடை இருந்தால், அந்த வினைச்சொல்லை இடுங்கள்.

கேள்வி: ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’, ‘இன்ஃபுளுயன்ஸ்’, ‘இம்பேக்ட்’ ஆகிய நான்கையும் எப்படி வேறுபடுத்துவது?

பதில்: முதல் இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடலாம். ‘அஃபெக்ட்’ பெரும்பாலும் வினை. ஒன்று மற்றொன்றில் மாறுதல் உண்டாக்குவதைக் குறிக்கும். ‘எஃபெக்ட்’ பெரும்பாலும் பெயர். உண்டான மாறுதலைக் குறிக்கும். மழை ஆட்டத்தை ‘அஃபெக்ட்’ செய்கிறது. ஆட்டம் தள்ளிப்போனது மழையின் ‘எஃபெக்ட்’. இவ்விரண்டின் எழுத்துக்கூட்டலில் ஐயம் வரும்போதெல்லாம் பலர் ‘இம்பேக்ட்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். அச்சொல் தேவைக்கு அதிகமாகப் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

‘இன்ஃபுளுயன்ஸ்’ சற்று நின்று பார்க்கத்தக்கது. அதன் லத்தீன் மூலத்துக்கு ‘உள்ளே பாய்தல்’ என்று பொருள். விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்மம் வழிந்து வந்து மனிதரின் இயல்பையும் ஊழையும் ஆள்கிறது என்ற இடைக்கால நம்பிக்கையிலிருந்து அச்சொல் எழுந்தது. அதே எண்ணத்தின் இத்தாலிய வடிவமே ‘இன்ஃபுளுயன்சா’. இத்தாலியில் பரவிய கொள்ளைநோயை ஒட்டி 1743-இல் அது காய்ச்சலின் பெயராக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆக, ‘இன்ஃபுளுயன்ஸ்’ பாய்கிறது, ‘இம்பேக்ட்’ மோதுகிறது. முன்னதற்குக் காலம் வேண்டும், அது பெரும்பாலும் புலப்படாமல் வேலை செய்யும். பின்னதற்கு ஒரு தருணம் உண்டு. பல ஆண்டுகள் கூட இருந்த ஆசிரியர் மாணவரிடம் உண்டாக்குவது ‘இன்ஃபுளுயன்ஸ்’. அந்த ஆசிரியர் ஒருநாள் சொன்ன ஒரே வாக்கியம் மாணவரின் முடிவை மாற்றிவிட்டால் அது ‘இம்பேக்ட்’.

தமிழில் ‘செல்வாக்கு’ என்ற சொல்லின் அமைப்பு இன்னும் அழகானது. செல்லும் வாக்கு, அதாவது யாருடைய சொல் எங்கும் எடுபடுகிறதோ அவருக்கு உள்ள வலிமை, அது. ஆகவே மனிதருக்கும் அமைப்புக்கும் செல்வாக்கு உண்டு. புயலுக்கும் விலையேற்றத்துக்கும் செல்வாக்கு கிடையாது. மழையின் செல்வாக்கு என்று எழுதியிருந்த ஒரு கட்டுரையை நான் திருத்த நேர்ந்தது. மழைக்கு வாக்கு ஏது?

கேள்வி: ‘இம்பேக்ட்’ என்பதை வினையாக ஆள்வது பிழை என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். ஆனால் செய்தித்தாள்களில் அப்படித்தான் வருகிறது. எது சரி?

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது ஆதாரமற்ற கருத்தன்று, ஆங்கில உரைநடை பற்றி எழுதியவர்களில் பலர் நெடுங்காலமாக அதையே சொல்லி வந்திருக்கிறார்கள். பெயர்ச்சொல்லை வலிந்து வினையாக்கிவிட்டார்கள் என்பது அவர்களுடைய முதன்மையான குறை. வரலாற்றைப் பார்த்தால் இக்குறை நிற்காது; மேலே சொன்னபடி, வினைதான் மூத்தது, பெயர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இளையது. என்றாலும், ஒன்றன் மீது விளைவை உண்டாக்குதல் என்ற இன்றைய வினைப்பொருள் இருபதாம் நூற்றாண்டில் பரவியது என்பதால், பழைய தலைமுறையின் காதுக்கு அது புதிதாக ஒலிப்பதில் வியப்பில்லை.

இன்றைய அகராதிகள் அந்த வினையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தேர்விலும் விண்ணப்பத்திலும் முறையான கட்டுரையிலும் எழுதும்போது ‘அஃபெக்ட்’ என்றே எழுதுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பொருளும் குறையாது. பெயராக ஆளும்போது அதன்பின் ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும். தமிழ் பேசுவோர் ‘உடைய’ என்ற உறவை நினைத்துக்கொண்டு ‘ஆஃப்’ போட்டுவிடுவது உண்டு. ‘ஆஃப்’ வரலாம், ஆனால் அது விளைவை உண்டாக்கிய பொருளின் முன்னே வரும். விளைவுக்கு உள்ளான பொருளின் முன்னே ‘ஆன்’தான். வறட்சியின் முன் ‘ஆஃப்’, பயிரின் முன் ‘ஆன்’ என்று ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வினையாக ஆளும்போது ‘ஆன்’ இல்லாமலே செயப்படுபொருளைச் சேர்க்கலாம்.

ஒலிப்பிலும் வேறுபாடு உண்டு. பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். வினையாக வரும்போது இரண்டாம் அசைக்கு நகரும். ‘ரெக்கார்ட்’, ‘கான்டக்ட்’ போன்ற சொற்களிலும் இதே நடைமுறைதான்.

கேள்வி: தமிழில் ‘இம்பேக்ட்’ என்று எழுத வேண்டுமா, ‘இம்பாக்ட்’ என்று எழுத வேண்டுமா?

பதில்: இரண்டும் வழக்கில் உள்ளன. அந்த ஆங்கில உயிரொலி நம் ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடைப்பட்டது. அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்றுங்கள்.

கேள்வி: ‘மனுத் தாக்கல்’ என்பதில் உள்ள தாக்கலும் இந்தத் ‘தாக்கு’தானா? வேட்புமனுவை ஏன் தாக்க வேண்டும்?

பதில்: இல்லை. ஒலி ஒத்திருப்பதால் வந்த மயக்கம் இது. அந்தத் ‘தாக்கல்’ உட்புகுதல், உள்ளே சேர்த்தல் என்று பொருள்படும் ‘தாகில்’ என்ற அரபுச் சொல், உருது வழியாக நிர்வாகத் தமிழுக்கு வந்து அடைந்த வடிவம். குறளில் வரும் தாக்கலுக்கும் இதற்கும் உறவில்லை.

கேள்வி: இலங்கையில் அச்சான அறிவியல் நூல் ஒன்றில் ‘தாக்கம்’, ‘மறுதாக்கம்’ என்ற சொற்களைப் பார்த்துக் குழம்பினேன். அங்கே மோதல் எதுவும் பேசப்படவில்லையே?

பதில்: இலங்கைத் தமிழ் அறிவியல் வழக்கில் ‘தாக்கம்’ என்பது வேறு பணியைச் செய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியில், தமிழகத்தில் விசை, எதிர்விசை என்று சொல்லப்படுவது, அங்கே தாக்கம், மறுதாக்கம் எனப்படும். நாம் வேதிவினை என்பதை அவர்கள் இரசாயனத் தாக்கம் என்பார்கள். ஒன்று மற்றொன்றின் மீது செயல்படுதல் என்ற பொதுப்பொருளில் ‘தாக்கு’ என்ற வேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சொல்லின் இயல்புக்கு அது முரணானதன்று. தமிழகப் பாடநூல்களும் அந்த வேரை விடவில்லை. விசையையும் அது செயல்படும் குறுகிய நேரத்தையும் பெருக்கிவரும் அளவுக்குக் ‘கணத்தாக்கு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கணத்தில் நிகழும் தாக்கு என்று சொல்லைப் பார்த்தவுடனே பொருள் புரிகிறது. கலைச்சொல்லாக்கத்தில் நாம் பெருமைப்படத்தக்க சொற்களில் இதையும் சேர்ப்பேன். இரு நாட்டு நூல்களையும் படிப்போர், எந்த வழக்கில் எழுதப்பட்டது என்பதை முதல் சில பக்கங்களிலேயே கவனித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆய்விதழ்களின் ‘இம்பேக்ட் ஃபேக்டர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? அது எதைக் காட்டுகிறது? (ஆய்வு மாணவர்)

பதில்: ‘தாக்கக் காரணி’ என்று எழுதுவது பரவலாகிவிட்டது. அறிமுகமில்லாத வாசகருக்கு அது எதையும் சொல்லாது என்பதால், முதல் முறை எழுதும்போது ‘ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்னும் அளவு’ என்று விளக்கிவிடுங்கள். மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் எண்ணத்தை அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இந்த அளவு. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகளை வெளியிட்டு, அவை இந்த ஆண்டில் மொத்தம் 500 முறை மேற்கோள் காட்டப்பட்டால், இந்த ஆண்டுக்கான எண் 2.5.

இங்கே கவனிக்க வேண்டியது, இது இதழைப் பற்றிய எண், கட்டுரையைப் பற்றியதன்று என்பதே. மிகுதியாக மேற்கோள் பெற்ற ஒருசில கட்டுரைகள் முழு இதழின் சராசரியையும் உயர்த்திவிடக்கூடும்; அதே இதழில் யாருமே மேற்கோள் காட்டாத கட்டுரையும் இருக்கும். தனி ஆய்வாளரின் தகுதியை இந்த எண்ணால் அளக்கக் கூடாது என்று, 2012-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலாளர்களின் முயற்சியால் ஒரு பிரகடனமே உருவாயிற்று. மேற்கோள் காட்டி மறுக்கப்பட்ட கட்டுரைக்கும் இந்தக் கணக்கில் ஒன்று கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், ‘இம்பேக்ட்’ என்ற பெயர் இந்த அளவுக்குச் சற்றுப் பெரிய சட்டை என்பது விளங்கும். நான் எழுதுவதாக இருந்தால் ‘மேற்கோள் விகிதம்’ என்றே எழுதுவேன்.

கேள்வி: பல் மருத்துவர் தந்த குறிப்பில், என் ஞானப்பல் ‘இம்பேக்டட்’ என்று எழுதியிருக்கிறது. எனக்கு அடி எதுவும் படவில்லை. பிறகு ஏன் அப்படி எழுதினார்?

பதில்: கவலைப்பட வேண்டாம், அவர் அடிபட்டதைச் சொல்லவில்லை. முதல் பதிலில் நான் குறிப்பிட்ட ‘இறுக்கி அழுத்துதல்’ என்ற மிகப் பழைய பொருள், பொதுவழக்கில் மங்கிப்போன பிறகும் மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது. முளைக்கப் போதிய இடமில்லாமல், அருகிலுள்ள பல்லும் எலும்பும் தடுக்க, ஈறுக்குள்ளேயோ தாடையெலும்புக்குள்ளேயோ சிக்கிக்கொண்ட பல்லைத்தான் அவ்வாறு குறிப்பிடுவார்கள். காதுக்குள் இறுகிய குறும்பியையும், குடலில் இறுகிய மலத்தையும் மருத்துவர்கள் இதே சொல்லால் குறிப்பார்கள். முறிந்த எலும்பின் ஒரு முனை மற்றொரு முனைக்குள் செருகிக்கொண்ட முறிவுக்கும் இதே பெயர்தான். அங்கே மோதலும் இறுக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆகவே இதைத் ‘தாக்கப்பட்ட பல்’ என்றோ ‘பாதிக்கப்பட்ட பல்’ என்றோ மொழிபெயர்ப்பது தவறு. இரண்டாவது குறிப்பாக ஆபத்தானது. சொத்தையோ சீழோ இருப்பதாக நோயாளி நினைத்துக்கொள்வார். சிக்கிய பற்கள் எல்லாம் வலிப்பதில்லை. எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதும் இல்லை. உங்கள் பல் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை ஊடுகதிர்ப் படத்தைக் காட்டி விளக்கும்படி மருத்துவரிடமே கேளுங்கள். தமிழில் அதைப் ‘புதைந்த பல்’ அல்லது ‘சிக்கிய பல்’ என்று சொல்லலாம்.